கப்பல் துறையில் இதழும் கண்காட்சியும்: புதிதாக இறங்குகிறவர்களுக்கு

கப்பல் துறைக்கென்று ஒரு இதழ் தொடங்கலாமா, கண்காட்சி போடலாமா என்று கேட்டு வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. பத்துப் பதினைந்து வருடம் கப்பலில் ஓடிவிட்டுக் கரையேறிய இன்ஜினியர்கள், ஆபீஸர்கள் ஒரு வகை. இவர்களுக்குத் துறை அத்துப்படி, ஆனால் ஒரு பக்க விளம்பரத்துக்கு என்ன விலை சொல்வது என்று தெரியாது. பத்திரிகையிலோ ஈவென்ட் கம்பெனியிலோ இருந்துவிட்டு வருகிறவர்கள் இன்னொரு வகை. ஹால் வாடகை, அச்சகம், டிசைன் எல்லாம் தெரியும், ஆனால் டெட்வெயிட்டும் கிராஸ் டன்னேஜும் ஒன்றுதானே என்று கேட்பார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து, நான் கற்ற வரிசையில் எழுதுகிறேன். நான் தப்பாகச் செய்து கற்றதும் இதில் இருக்கிறது.

முதலில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தொழிலின் வடிவம் அவர் செய்ததில் அப்படியே தெரியும். தெமிஸ் வோகோஸ் என்ற கிரேக்கர். 1969இல் ஏதென்ஸ் நகரின் சாப்பியோன் மண்டபத்தில் போசிடோனியா என்ற கப்பல் கண்காட்சியை முதன்முதலாக நடத்தினார். அடுத்த வருடமே, 1970இல், இங்கிலாந்தில் சீட்ரேட் என்ற இதழைத் தொடங்கினார். கோல்செஸ்டர் என்ற ஊர்தான் நெடுங்காலம் அதன் தலைமையிடம். ஒரு கையில் கண்காட்சி, மறு கையில் இதழ். போசிடோனியா இப்போது இரட்டைப்படை வருடங்களில் ஜூன் மாதம் ஏதென்ஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மெட்ரோபாலிட்டன் எக்ஸ்போவில் நடக்கிறது, 2024இல் 2,000க்கு மேற்பட்ட நிறுவனங்கள் ஸ்டால் போட்டன. சீட்ரேட் பெயரிலோ மயாமியில், துபாயில் என்று கண்காட்சிகள் கிளைத்தன, சிங்கப்பூரில் சீ ஏஷியா கண்காட்சியை 2007இல் தொடங்கியதிலும் சீட்ரேட்டுக்குப் பங்கு உண்டு.

ஏன் இரண்டையும் சேர்த்துச் செய்தார்? இதழ் மாதாமாதம் ஒருவருடைய மேஜைக்குப் போகிறது, அந்த மனிதர் யார், எந்தக் கம்பெனி, எத்தனை கப்பல், எதை வாங்கத் தீர்மானிக்கிறவர் என்பது இதழ் நடத்துகிறவருக்குத் தெரிகிறது. கண்காட்சி அந்த மனிதர்களையே இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஒரே கூரைக்குக் கீழ் கூட்டுகிறது. இதழில் விளம்பரம் கொடுத்தவர் ஸ்டால் எடுப்பார், ஸ்டால் எடுத்தவர் தன் பொருளைப் பற்றி எழுதச் சொல்லி வருவார். ஆட்களைப் பற்றிய அந்த அறிவுதான் இங்கே மூலதனம். மிச்சமெல்லாம் அதை எப்படிச் சேர்ப்பது, எப்படிக் கெடுக்காமல் வைத்திருப்பது என்பதுதான்.

முதல் படி: துறைமுகத்தில் நில்லுங்கள்

இந்தத் தொழில் பிறந்ததே ஒரு காப்பிக் கடையில். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் எட்வர்ட் லாய்ட் என்பவர் கடை வைத்திருந்தார், மாலுமிகளும் கப்பல் முதலாளிகளும் காப்பீடு எழுதுகிறவர்களும் அங்கே வந்து உட்கார்ந்து பேசுவார்கள், எந்தக் கப்பல் எங்கே சேர்ந்தது, எது காணாமல் போனது என்று. அந்தப் பேச்சுதான் செய்தி. 1696இல் லாய்ட்ஸ் நியூஸ் என்று ஒரு தாள் வந்தது, சில மாதங்களில் நின்றும் போனது. அவர் இறந்த பிறகு, 1734இல் அதே காப்பிக் கடையிலிருந்து லாய்ட்ஸ் லிஸ்ட் தொடங்கியது. 2013 டிசம்பரில் அச்சை நிறுத்திவிட்டு முழுக்க டிஜிட்டலுக்கு மாறியது, இன்றும் நடக்கிறது.

ஆக, முதல் ஆறு மாதம் எதுவும் தொடங்காதீர்கள். உங்கள் ஊர் சென்னையோ தூத்துக்குடியோ கொச்சியோ, துறைமுகத்தைச் சுற்றியிருக்கும் ஆபீஸ்களில் ஏறி இறங்குங்கள். கப்பல் ஏஜென்ட், கப்பலுக்கு வேண்டிய சாமான் சப்ளை செய்கிற சிப் சாண்ட்லர், கஸ்டம்ஸ் ஹவுஸ் ஏஜென்ட், சர்வேயர், பங்கர் என்கிற கப்பல் எரிபொருள் சப்ளை செய்கிறவர், லைஃப் ராஃப்ட் சர்வீஸ் செய்கிற ஒர்க்‌ஷாப். இவர்கள் ஒவ்வொருவரிடமும் இரண்டே கேள்வி கேளுங்கள்: உங்களுக்கு வேலை கொடுப்பது யார், அவரை நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் பதில்களில்தான் உங்கள் தொழில் ஒளிந்திருக்கிறது. நான் இப்படி அலைந்தபோது பாதிப் பேர், "யாரோ சொல்லி வந்தார்" என்றுதான் சொன்னார்கள். அந்த யாரோவுடைய இடத்தில்தான் நம் இதழ் போய் உட்கார வேண்டும்.

இந்த அலைச்சலில் இன்னொன்றும் புரியும், புதியவர்கள் எல்லாருமே தவறவிடுகிற ஒன்று. கப்பல் முதலாளி உங்களுக்குக் காசு தர மாட்டார். அவர் வாசகர். காசு தருகிறவர் அவருக்கு விற்கிறவர்: பெயின்ட் கம்பெனி, இன்ஜின் தயாரிப்பாளர், கப்பலைச் சோதித்துத் தரச் சான்று கொடுக்கிற கிளாஸ் சொசைட்டி, கப்பலைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பழுதுபார்க்கிற டிரை டாக், லூப் ஆயில், உதிரி பாகம், மென்பொருள், காப்பீடு. அவர்கள் தேடுவது கப்பல் முதலாளியைக்கூட இல்லை, பெரும்பாலும் அவருடைய கம்பெனியில் உட்கார்ந்திருக்கும் டெக்னிக்கல் சூப்பரின்டெண்டன்ட்டையும் பர்ச்சேஸ் மேனேஜரையும்தான். அந்த சூப்பரின்டெண்டன்ட் நாலைந்து கப்பலைக் கவனிப்பவர், எந்த டாக்குக்குப் போவது, எந்த பெயின்ட் அடிப்பது என்பதில் அவர் வார்த்தைக்கு எடை உண்டு. உங்கள் இதழை அவர் படிக்கிறார் என்று நிரூபிக்க முடிந்தால் விளம்பரம் தானாக வரும், முடியாவிட்டால் எவ்வளவு பளபளப்பான தாளில் அச்சடித்தாலும் வராது.

இரண்டாம் படி: வாய்க்காலைச் சின்னதாக வெட்டுங்கள்

'இந்தியக் கடல்சார் துறை' என்று பொதுவாக ஒரு இதழைத் தொடங்காதீர்கள். அந்த இடத்தில் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள், உலக அளவில் 1990இல் நார்வேயில் தொடங்கிய டிரேட்விண்ட்ஸ் மாதிரி பெரிய செய்தி அமைப்புகள் இருக்கின்றன, செய்தியில் அவர்களை முந்த உங்களிடம் ஆள் கிடையாது. கிழக்குக் கரையில் கப்பல் பழுதுபார்ப்பு, துறைமுகக் கிரேனும் கன்வேயரும், பெரிய கப்பல்களை இழுக்கும் டக் படகுகள், மீன்பிடிப் படகு இன்ஜின்கள், கடலோரக் காற்றாலைக்கான கப்பல்கள் என்று ஏதாவது ஒன்றை எடுங்கள். அந்த வட்டத்தில் முந்நூறு பேர்தான் இருப்பார்கள் என்றால் நல்லது. முந்நூறு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற நிலை வந்துவிட்டால் உங்களை அசைக்க முடியாது.

தமிழிலேயே செய்யலாமா என்று கேட்பவர்களும் உண்டு. வாங்கித் தீர்மானிக்கிறவர்களுக்கான இதழ் ஆங்கிலத்தில்தான் ஓடும், அதில் சுற்றிவளைக்க ஒன்றுமில்லை. ஆனால் கப்பலுக்குப் போகத் துடிக்கும் பையன்கள், அவர்களுடைய அப்பா அம்மா, ரேட்டிங் வேலையில், அதாவது ஆபீஸருக்குக் கீழ்நிலை வேலையில், இருப்பவர்கள், இவர்களுக்குத் தமிழில் ஒழுங்கான தகவல் கிடைப்பது அரிது. கடன் வாங்கிப் போலி ஏஜென்ட்டிடம் கட்டி ஏமாறுகிற குடும்பங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன், சொல்லும்போதே வலிக்கிறது. அப்படி ஒரு இதழோ மடலோ தொடங்கினால் ஒரு விதியை முதல் நாளே எழுதி வையுங்கள்: மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டிஜி ஷிப்பிங் கொடுக்கிற ஆர்பிஎஸ்எல் என்ற ஆளெடுப்பு உரிமம் இல்லாத ஆளெடுப்பு ஏஜென்ட்டின் விளம்பரத்தை எந்த விலைக்கும் போடுவதில்லை. உரிம எண்ணை வாங்கி, டிஜி ஷிப்பிங் தளத்தில் நீங்களே சரிபார்த்த பிறகுதான் பக்கம் ஒதுக்க வேண்டும். கப்பல் வேலைக்கு ஆள் வைக்கிறவர் மாலுமியிடம் வேலைக்கென்று கட்டணம் வாங்கக் கூடாது என்பது 2006ஆம் வருடத்துக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையிலேயே இருக்கிறது. உங்கள் பக்கத்தில் வந்த விளம்பரத்தை நம்பி ஒரு வீடு நகையை அடகு வைத்தால் அந்தப் பாவத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு.

மூன்றாம் படி: பெயர்ப் பட்டியல்

இதழுக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே பெயர்ப் பட்டியலைத் தொடங்குங்கள். ஒரு எக்செல் தாள் போதும். பெயர், பதவி, கம்பெனி, ஊர், எத்தனை கப்பல், என்ன வகை, எதை வாங்குகிறார், கடைசியாக நீங்கள் எப்போது பேசினீர்கள். கடைசிக் கட்டத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். கப்பல் துறையில் ஆட்கள் கம்பெனி மாறிக்கொண்டே இருப்பார்கள், அதனால் பட்டியல் வாங்கிய காய்கறி மாதிரி, வைத்திருந்தால் அழுகும். வருடத்துக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு பெயரையும் போனில் பிடித்துச் சரிபார்க்க வேண்டும்.

துறை இதழ்களில் பலவும் தகுதியான வாசகருக்கு இலவசமாகப் போகின்றன. சந்தாக் காசைவிட, "இந்த 1,200 பேரும் கப்பல் கம்பெனிகளில் வாங்கும் பொறுப்பில் இருக்கிறவர்கள்" என்று விளம்பரதாரரிடம் காட்ட முடிவதுதான் வருமானம். அதனால் பட்டியலில் பொய் சேர்க்காதீர்கள். 5,000 பிரதி என்று சொல்லிவிட்டு 800 அடிக்கிறவர்கள் உண்டு. அச்சகத்துப் பையன் ஒருவன் எங்கேயாவது சொல்வான், அன்றைக்கே கதை முடிந்தது. அப்புறம், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்திருக்கிறது, ஆகவே யாருடைய எண்ணையும் மின்னஞ்சலையும் அவர் சம்மதத்தோடு சேருங்கள், வேண்டாம் என்றால் அன்றே எடுத்துவிடுங்கள். பட்டியலை விற்கச் சொல்லி யாராவது வருவார்கள். விற்காதீர்கள்.

நான்காம் படி: காகித வேலை

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஆடிட்டர் ஒருவரை வைத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் முடியும். இந்தியாவில் அச்சு இதழ் என்றால் பதிவு வேண்டும். 1867ஆம் வருடத்துப் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் பத்திரிகைகள் மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2023இல் வந்தது, 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தலைப்பு ஒதுக்கீடும் பதிவும் பிரஸ் சேவா என்ற அரசுத் தளத்தில் ஆன்லைனிலேயே. நீங்கள் ஆசைப்படும் தலைப்பு ஏற்கெனவே ஒருவரிடம் இருக்கலாம், மாற்றாக நாலைந்து யோசித்து வையுங்கள். இதழ்களை அடையாளம் காட்டும் ஐஎஸ்எஸ்என் எண் இலவசம், டெல்லியில் இருக்கும் தேசிய மையம் கொடுக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். அச்சு விளம்பரத்துக்கும் டிஜிட்டல் விளம்பரத்துக்கும் ஜிஎஸ்டி விகிதம் ஒன்றல்ல, பில் போடும்போது கலக்காதீர்கள்.

இதழின் பெயரையும் கண்காட்சியின் பெயரையும் டிரேட்மார்க் பதிவு செய்யுங்கள், இதை மட்டும் தள்ளிப் போடக் கூடாது. அச்சுப் பொருளுக்கு 16ஆம் வகுப்பு, வணிகக் கண்காட்சிக்கு 35ஆம் வகுப்பு. பின்னால் ஒரு நாள் நீங்கள் விற்க நினைத்தால் வாங்குகிறவர் பார்ப்பது பெயரையும் பட்டியலையும்தான். சீட்ரேட்டை 2014இல் யுபிஎம் என்ற கண்காட்சி நிறுவனம் வாங்கியது, யுபிஎம்மை 2018இல் இன்ஃபார்மா வாங்கியது. அத்தனை கை மாறியும் சீட்ரேட் என்ற பெயர் மாறவில்லை. போசிடோனியாவோ வோகோஸ் குடும்பத்திடமே இருக்கிறது, தியோடர் வோகோஸ் நடத்துகிறார்.

ஐந்தாம் படி: முதல் இதழும் அதில் தப்பு இல்லாமல் இருப்பதும்

மாத இதழ் என்று தொடங்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒன்று போதும், இடையில் வாரம் ஒரு மின்மடல். வருடத் தொடக்கத்திலேயே எந்த இதழில் எந்தப் பொருள் என்று அட்டவணை போட்டு விளம்பரதாரருக்கு அனுப்புங்கள், ஜூனில் டிரை டாக், செப்டம்பரில் பெயின்ட் என்று தெரிந்தால்தான் அவர் பட்ஜெட்டில் உங்களுக்கு இடம் ஒதுக்க முடியும்.

என் முதல் இதழில் ஒரு மொத்தச் சரக்குக் கப்பலை, அதாவது நிலக்கரி, தானியம் கொட்டி ஏற்றும் கப்பலைப் பற்றி எழுதும்போது டெட்வெயிட் எண்ணை எடுத்துக் கிராஸ் டன்னேஜ் என்று போட்டுவிட்டேன். டெட்வெயிட் என்பது கப்பல் சுமக்கக்கூடிய எடை, கிராஸ் டன்னேஜ் என்பது கப்பலின் உள் அளவிலிருந்து கணக்கிடும் எண், எடையே இல்லை. வயதான கேப்டன் ஒருவர் போன் செய்து, கோபப்படாமல், "தம்பி, இதைப் பார்த்த பிறகு மற்றப் பக்கத்தை எப்படி நம்புவது?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அன்றிலிருந்து எங்களிடம் எந்தப் பக்கமும் கடலில் போன ஒருவர் படிக்காமல் அச்சுக்குப் போவதில்லை. நீங்களும் ஒரு கேப்டனையோ சீஃப் இன்ஜினியரையோ அந்த வேலைக்குக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், சம்பளம் கொடுத்தே வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பலின் பெயரை நம்பாதீர்கள், கை மாறும்போதெல்லாம் பெயர் மாறும், கொடியும் மாறும். சர்வதேசக் கடல்சார் அமைப்பின் பெயரில் வரும் ஐஎம்ஓ எண் மட்டும் கப்பல் பிறந்ததிலிருந்து உடைபடும் வரை மாறாது. அது ஏழு இலக்கம், சரியான எண்ணா என்று தாளிலேயே போட்டுப் பார்க்கலாம்: முதல் ஆறு இலக்கத்தை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகையின் கடைசி இலக்கம் ஏழாவது இலக்கமாக இருக்க வேண்டும். 9074729 என்ற எண்ணை எடுத்தால் 63, 0, 35, 16, 21, 4, மொத்தம் 139, கடைசி இலக்கம் 9, சரி. பதிவு செய்தால் ஈக்வாசிஸ் தளத்தில் அந்த எண்ணைப் போட்டு உரிமையாளர், மேனேஜர், கிளாஸ் எல்லாம் இலவசமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு செய்திக்கும் இதைச் செய்யப் பத்து நிமிடம் ஆகாது.

விளம்பரதாரர் பற்றிய செய்தியைக் காசுக்குப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் மேலே 'விளம்பரம்' என்று தெளிவாக அச்சடியுங்கள். ஒரு முறை பின்னட்டை விளம்பரம் கொடுத்த கம்பெனி ஒன்று, தங்கள் கருவியில் வந்த பழுதைப் பற்றிய கட்டுரையை எடுக்கச் சொன்னது. எடுக்கவில்லை. விளம்பரம் ஒன்றரை வருடம் வரவில்லை, அந்த ஒன்றரை வருடம் சம்பளம் போடவே திணறினோம். ஆனால் அந்தக் கட்டுரையைப் படித்த சூப்பரின்டெண்டன்ட்கள் இன்றும் என் போனை எடுக்கிறார்கள்.

ரேட் கார்டை அச்சடியுங்கள், எல்லாருக்கும் ஒரே விலை. இவருக்கு நாற்பது சதவீதம், அவருக்கு அறுபது சதவீதம் தள்ளுபடி என்று கொடுத்தால் இரண்டு பேரும் ஒரே டீக்கடையில் சந்திக்கிற துறை இது. வசூல் மெதுவாகத்தான் வரும், மூன்று மாதம் சர்வ சாதாரணம், அதைத் தாங்கக் கையில் பணம் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

ஆறாம் படி: அலை ஏறும், இறங்கும்

கப்பல் துறையில் நல்ல காலமும் கெட்ட காலமும் மாறி மாறி வரும், வரும்போது பயங்கரமாக வரும். மொத்தச் சரக்குக் கப்பல் வாடகையைக் காட்டும் பால்டிக் டிரை இண்டெக்ஸ் 2008 மே 20 அன்று 11,793இல் இருந்தது. அதே வருடம் டிசம்பர் 5 அன்று 663. ஏழு மாதம்கூட ஆகவில்லை. ஆனால் விளம்பரம் அன்றைக்கே நிற்காது, இதைக் கவனியுங்கள். நல்ல காலத்தில் ஆர்டர் போட்ட கப்பல்கள் இன்னும் இரண்டு மூன்று வருடம் கப்பல் கட்டும் தளத்திலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும், இன்ஜினும் பெயின்டும் விற்றுக்கொண்டே இருக்கும், ஆகவே விற்பனைக் கம்பெனிகள் பிந்தித்தான் அடிபடும். அந்த இடைவெளியை நிம்மதி என்று எடுத்துக்கொண்டு ஆள் சேர்த்தவர்கள்தான் அப்புறம் மூடினார்கள். ஆறு மாதச் செலவுக்குப் பணம் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் இரண்டாவது ஆளை வேலைக்கு எடுக்க வேண்டும். இறங்குமுகக் காலத்தில் எழுத வேண்டிய பொருளும் மாறும்: புதுக் கப்பலைப் பற்றி யாரும் படிக்க மாட்டார்கள், எரிபொருள் மிச்சம், பழுதுபார்ப்பு, பழைய கப்பல் விலை இதெல்லாம் படிப்பார்கள்.

ஏழாம் படி: அடுத்தவர் கண்காட்சிக்குப் போங்கள்

சொந்தக் கண்காட்சிக்கு முன்னால் குறைந்தது இரண்டு பெரிய கண்காட்சிகளை உள்ளேயிருந்து பாருங்கள். நாள்காட்டி எளிது. இரட்டைப்படை வருடம்: ஜூனில் போசிடோனியா, செப்டம்பரில் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் எஸ்எம்எம். ஒற்றைப்படை வருடம்: ஓஸ்லோவில் நார்ஷிப்பிங், ராட்டர்டாமில் யூரோபோர்ட், ஷாங்காயில் மாரின்டெக். பெரியவர்கள் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் வருடத்தைப் பங்கு போட்டிருக்கிறார்கள், புதியவர் தேதி வைக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். நம் பக்கத்தில் மும்பையில் இன்மெக்ஸ் எஸ்எம்எம் இந்தியா ஒற்றைப்படை வருடங்களில் நடக்கிறது, விமானச் செலவு இல்லாமல் தொடங்க அதுதான் வசதி.

காசு கொடுத்து ஸ்டால் எடுக்க வேண்டாம். "உங்கள் கண்காட்சி விளம்பரத்தை எங்கள் இதழில் இரண்டு முழுப் பக்கம் போடுகிறோம், எங்களுக்கு ஒரு சின்ன ஸ்டால் கொடுங்கள்" என்று கேளுங்கள். இது துறையில் வழக்கமான கொடுக்கல் வாங்கல், மீடியா பார்ட்னர் என்பார்கள். கூச்சப்படாமல் ஆறு மாதம் முன்பே எழுதுங்கள். போன பிறகு உங்கள் ஸ்டாலில் உட்கார்ந்துகொண்டு இருக்காதீர்கள். ஒரு ஆளை அங்கே விட்டுவிட்டு நீங்கள் ஒவ்வொரு ஹாலாக நடங்கள், எந்த ஸ்டாலில் கூட்டம், எதில் ஆளில்லாமல் விற்பனைப் பையன் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆளில்லாத ஸ்டால்காரர்தான் உங்கள் முதல் வாடிக்கையாளர், அவரிடம் போய் அவருக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள், உங்கள் பட்டியலில் அந்த ஆள் இருந்தால் அங்கேயே அறிமுகம் செய்து வையுங்கள். காசு வாங்காமல். போசிடோனியா வாரத்தில் ஏதென்ஸிலும் பக்கத்துத் துறைமுக நகரமான பைரேயஸிலும் மாலை விருந்துகள் பேர்போனவை, உலகிலேயே அதிக டெட்வெயிட் கப்பல்களைக் கையில் வைத்திருக்கும் நாடு கிரீஸ், அந்த முதலாளிகள் பகலில் ஹாலுக்கு வராவிட்டாலும் மாலையில் வருவார்கள். உட்கார்ந்து பேச இடம் கிடைப்பது அங்கேதான்.

எட்டாம் படி: உங்கள் சொந்தக் கண்காட்சி

எடுத்த எடுப்பில் ஹால் பிடிக்காதீர்கள். முதலில் ஒரு நாள் கருத்தரங்கு, ஹோட்டல் ஹாலில் எண்பது பேர், ஒரே ஒரு தலைப்பு. வெளியே வராந்தாவில் பத்து மேஜை போட்டு பத்துக் கம்பெனிக்குக் கொடுங்கள். இதை இரண்டு மூன்று முறை நடத்தி, மேஜை கேட்டு வருகிறவர்கள் இருபதைத் தாண்டி, இடம் இல்லை என்று சொல்ல வேண்டி வந்தால், அப்போது ஹாலைப் பாருங்கள்.

ஹால் கணக்கில் புதியவர்கள் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. ஹால் 2,000 சதுர மீட்டர் என்றால் 2,000 மீட்டரையும் விற்க முடியாது. நடைபாதை, தீயணைப்பு வழி, பதிவு மேஜை, சாப்பாட்டு இடம், பொருள் வைக்கிற இடம் எல்லாம் போகப் பாதி கையில் நின்றாலே நல்லது. ஸ்டாலின் வழக்கமான அளவு மூன்றுக்கு மூன்று, அதாவது 9 சதுர மீட்டர். 1,000 மீட்டர் விற்கலாம் என்றால் ஏறத்தாழ 110 ஸ்டால், அதிலும் பெரியவர்கள் 36, 54 என்று காலி இடமாக வாங்கித் தாங்களே கட்டிக்கொள்வார்கள். வாடகை கண்காட்சி நாளுக்கு மட்டுமில்லை, கட்டுகிற இரண்டு நாளுக்கும் பிரிக்கிற நாளுக்கும் சேர்த்துத்தான். ஏசி, கரண்ட், சுத்தம் செய்வது தனித்தனியாக பில் வரும். சென்னையில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் செய்வதானால் தேதியை ஒரு வருடம் முன்பே பிடிக்கப் பாருங்கள், கல்யாண சீசனோடு மோதினால் ஹோட்டல் அறை கிடைக்காமல் வெளியூர்க்காரர் திண்டாடுவார்.

தீயணைப்புத் துறை, காவல் துறை அனுமதிகளை ஹால் பதிவு செய்த வாரமே தொடங்குங்கள். வெளிநாட்டிலிருந்து இன்ஜினோ மாடலோ கொண்டுவருகிறவர் ஏடிஏ கார்னெட் என்ற ஆவணத்தில் கொண்டுவந்தால் சுங்க வரி கட்டாமல் காட்டிவிட்டுத் திருப்பி எடுத்துப் போகலாம், இதை ஸ்டால் ஒப்பந்தத்தோடு சேர்த்தே அனுப்பும் குறிப்பில் எழுதி வையுங்கள். ஒப்பந்தத்தில் பதிவின்போது பாதிப் பணம், கண்காட்சிக்கு இரண்டு மாதம் முன்பு மீதி, ரத்தானால் என்ன ஆகும் என்று தெளிவாக இருக்க வேண்டும். 2020இல் போசிடோனியாவே தள்ளிப்போய் கடைசியில் ரத்தானது, 2022இல்தான் திரும்ப நடந்தது, எஸ்எம்எம் 2021 பிப்ரவரியில் ஆன்லைனில் நடந்தது. பெரியவர்கள் தாங்கினார்கள். வந்த முன்பணத்தை எடுத்துச் செலவழித்துவிட்ட சின்னவர்களால் தாங்க முடியவில்லை. முன்பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, ஹாலுக்கும் ஒப்பந்ததாரருக்கும் தவிர அதைத் தொடாதீர்கள்.

ஸ்டால் விற்றாயிற்று, இனி வேலை முடிந்தது என்று நினைக்கிற இடத்தில்தான் நிஜமான வேலை தொடங்குகிறது. பார்வையாளர். எண்ணிக்கை காட்டக் கல்லூரிப் பஸ்களை இறக்குகிறவர்கள் உண்டு, ஹால் நிறையும், பேனாவும் பையும் தீரும், ஸ்டால்காரர் அடுத்த முறை வர மாட்டார். எனக்கு மாணவர்கள் மேல் பிரியம் உண்டு, அவர்களுக்கென்று கடைசி நாள் மதியத்தை ஒதுக்கி, ஒரு சீஃப் இன்ஜினியரைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள், அது அவர்களுக்கும் உருப்படியான பயன். முதல் இரண்டு நாளும் வாங்குகிறவர்களுக்கு. உங்கள் பட்டியலை எடுத்து, ஸ்டால் எடுத்த ஒவ்வொருவரிடமும் "நீங்கள் பார்க்க விரும்பும் பத்துப் பேர் யார்?" என்று கேட்டு, அந்தப் பெயர்களுக்கு நீங்களே போன் செய்து அழையுங்கள். தொலைவிலிருந்து வருகிற சூப்பரின்டெண்டன்ட்டுக்கு ரயில் டிக்கெட்டும் ஒரு இரவு தங்குமிடமும் கொடுப்பது, நுழைவாயிலில் வைக்கும் பூ அலங்காரத்தைவிடச் செலவு குறைவு. எங்கள் முதல் கண்காட்சிக்கு நாலு நாளில் வந்தவர்கள் அறுநூறு பேர்தான், பேப்பரில் போடக்கூட வெட்கமாக இருந்த எண்ணிக்கை. அதில் நூற்றிருபது பேர் நாங்கள் பெயர் சொல்லி அழைத்தவர்கள். ஸ்டால்காரர்களில் முக்கால்வாசிப் பேர் மறுமுறை வந்தார்கள்.

கண்காட்சி நடக்கும்போது தினமும் காலையில் ஒரு எட்டுப் பக்கத் தாள் அச்சடித்து வாசலில் கொடுங்கள், முந்தைய நாள் என்ன நடந்தது, யார் எதை விற்றார், இன்று எந்த அறையில் என்ன பேச்சு. இதழ் கையில் இருப்பதால் உங்களால் முடிகிற காரியம் இது. வெறும் ஈவென்ட் கம்பெனியால் முடியாது. இரவு ஒரு மணிக்கு அச்சகம், காலை ஏழுக்குக் கட்டு வந்து இறங்க வேண்டும், மாற்று அச்சகம் ஒன்றையும் பேசி வையுங்கள்.

கடைசி நாள் மதியம், ஸ்டால்களைப் பிரிக்கத் தொடங்கும் முன், அடுத்த கண்காட்சியின் தரைப்படத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்டாலாக நீங்களே போங்கள். விற்பனை ஆளை அனுப்பாதீர்கள். குறை கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள், இடம் குறிக்கிறவருக்கு அங்கேயே குறித்துக் கொடுங்கள், குறிக்காதவரிடம் வற்புறுத்த வேண்டாம். அன்றிரவு தூங்கிவிட்டு, திங்கட்கிழமை காலை, குறிக்காதவர்களுடைய பட்டியலை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "நீங்கள் பார்க்க நினைத்த அந்தப் பத்துப் பேரில் எத்தனை பேரைப் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். பார்க்க முடியாமல் போனவரின் பெயரைச் சொல்வார்கள். அந்தச் சந்திப்பை அந்த வாரமே ஏற்பாடு செய்து கொடுங்கள்.